இருவரும் ஆசிரியர், இடுப்பில் ஒரு குழந்தை: பெர்மாஸ் ஜெயாவுக்குப் போகுமுன்

மலேசியாவின் ஜொகூர் பாரு நகரிலிருந்து தெப்ராவ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வருவது பெர்மாஸ் ஜெயா. வரிசை வீடுகள், அடுக்குமாடிகள், ஒரு ஏயோன் பேரங்காடி, கடைவீடுகளின் மாடியில் டியூஷன் மையங்கள் என்று குடும்பங்கள் நிறைந்த ஊர். இங்கே ஆங்கிலம் கற்பிக்க வர நினைக்கும் தம்பதிகள் சம்பளத்தையும் வாடகையையும் முதலில் கூட்டிப் பார்க்கிறார்கள். குழந்தையின் ஒரு நாளை முதலில் எழுதிப் பாருங்கள் என்பேன். எத்தனை மணிக்கு எழும், யார் ஊட்டுவது, யார் தூங்க வைப்பது என்று எழுதிவிட்டு, அதற்குப் பொருந்தும் வேலையைத் தேடுங்கள்.

1. இரண்டு பேருக்கும் தனித்தனி வேலை பாஸ் கேளுங்கள். ஒருவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், மற்றவருக்கும் குழந்தைக்கும் டிபென்டன்ட் பாஸ் என்று நிறுவனம் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் தனி அனுமதி பெறாமல் வேலை செய்ய முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காசு வாங்கி டியூஷன் எடுப்பதும் வேலைதான். எம்ப்ளாய்மென்ட் பாஸில் சம்பளத்தைப் பொறுத்து வகைகள் உண்டு. குடும்பத்தைக் கூட்டி வரும் உரிமை வகையைப் பொறுத்து மாறலாம் என்பதால், எந்த வகை என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆசிரியருக்கு இதோடு கல்வித் துறையின் கற்பிக்கும் அனுமதியும் வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் வந்து போகலாம் என்பது சுற்றிப் பார்க்க வருவோருக்கு. "முதலில் வந்துவிடுங்கள், பாஸ் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் நிறுவனத்துக்குக் குழந்தையோடு போகவே கூடாது.

2. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இன்னொன்று இனிஷியல். சான்றிதழில் "கே. நிலா", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, அம்மாவின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரே இல்லாமல் இருந்தால், மூன்று பேரும் ஒரே குடும்பம் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். திருமணச் சான்றிதழ், பட்டம், பி.எட். சான்றிதழ் மூன்றுக்கும் எந்தெந்த அலுவலக முத்திரை வேண்டும் என்று நிறுவனத்திடம் பட்டியல் வாங்கிக்கொண்டு, ஊரில் இருக்கும்போதே முடியுங்கள். இங்கிருந்து கூரியரில் அனுப்பி முத்திரை வாங்குவது பெரும்பாடு.

3. வேலை நேரத்தைச் சம்பளத்துக்கு முன்பாகக் கேளுங்கள். பள்ளி வேலை விடிகாலையில் தொடங்கிப் பிற்பகலில் முடியும். டியூஷன் மையமும் மொழி மையமும் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த பிறகே சூடு பிடிக்கும். இரவு வரை வகுப்பு, சனி ஞாயிறில்தான் கூட்டம் அதிகம். இருவரும் மையத்தில் சேர்ந்தால் குழந்தை விழித்திருக்கும் மாலை முழுக்க வீட்டில் யாரும் இருக்க மாட்டீர்கள். ஒருவர் பள்ளி, ஒருவர் மையம் என்று பிரித்துக்கொண்டால் குழந்தைக்கு எப்போதும் ஒருவர் கிடைப்பார். ஆனால் கணவன் மனைவி வாசலில் சாவி மாற்றிக்கொள்வதோடு சரி, வாரக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஒரு வருடத்துக்கு மேல் அது தாங்காது என்பது என் எண்ணம். இருவரும் ஒரே பள்ளியில், பள்ளியிலேயே மழலையர் பிரிவும் இருந்தால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் அதையே எடுப்பேன். ஆசிரியர் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஜொகூரில் 2014 முதல் 2024 கடைசி வரை வார விடுமுறை வெள்ளி, சனி. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு. பழைய ஒப்பந்தப் படிவத்தில் பழைய நாட்களே இருந்தால் கையெழுத்துக்கு முன் திருத்திக்கொள்ளுங்கள்.

4. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்பதை வருமுன்பே பேசி முடிவெடுங்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு இங்கே தஸ்கா என்று பெயர். அதற்கு மேல் தடிகா. தஸ்காவில் கை, கால், வாய் நோய் அடிக்கடி சுற்றும். காலையில் சிரித்துக்கொண்டு போன பிள்ளைக்குப் பதினொரு மணிக்கு உள்ளங்கையில் சிவப்புப் புள்ளி தெரியும். வாய்க்குள் புண், கஞ்சியைக்கூடத் தள்ளிவிடும். உடனே கூட்டிப் போகச் சொல்லி போன் வரும். அந்த நேரம் நீங்கள் இருவருமே வகுப்பில் நிற்பீர்கள். பிறகு ஒரு வாரம், பத்து நாள் சேர்க்க மாட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்காக அப்படிச் செய்வதே சரி. வேலைச் சட்டப்படி முதல் இரண்டு வருடம் வருடாந்திர விடுப்பு குறைந்தது 8 நாள். ஒரே ஒரு முறை இந்த நோய் வந்தால் ஒருவரின் லீவு ஏறக்குறைய மொத்தமும் தீர்ந்துவிடும். அதனால் குறைந்தபட்சத்துக்கு மேல் லீவு தரும் இடமா என்று பாருங்கள். பக்கத்தில் ஓர் அக்கா, ஒரு ஆயா என்று அவசரத்துக்குக் கைகொடுக்கும் ஒருவரை முதல் மாதத்திலேயே தெரிந்து வையுங்கள்.

தஸ்காவைத் தேர்ந்தெடுக்கும்போது சமூக நலத் துறையின் பதிவுச் சான்றிதழைச் சுவரில் தேடுங்கள். வீட்டிலேயே வைத்து 4 முதல் 9 பிள்ளைகளைப் பார்ப்பவருக்கும் பதிவு கட்டாயம். ஒரு வயதுக்குள் என்றால் 3 குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர், 1 முதல் 3 வயது வரை 5 குழந்தைக்கு ஒருவர் என்பது விதி. சொல்லாமல் ஒரு நாள் மதியம் போய் நின்று எண்ணிப் பாருங்கள்.

5. தடுப்பூசி அட்டையின் மூலத்தைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல. அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் தனி. நிறுவனக் காப்பீடு உங்களை மட்டும் சேர்க்கிறதா, குழந்தையையும் சேர்க்கிறதா என்று கேளுங்கள்.

6. வீட்டு வாடகைக்கு முன்பணம் பெரிது. இரண்டு மாத வைப்பு, ஒரு மாத முன்வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம்: ஆக மூன்றரை மாத வாடகை முதல் நாளே கையில் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள். ஜன்னல் கம்பி எல்லா அறையிலும் இருக்கிறதா, கம்பிக் கதவின் பூட்டுச் சாவி எங்கே தொங்கும் என்று பாருங்கள். குழந்தைக்கு எட்டக்கூடாது, உங்களுக்கு இருட்டிலும் எட்ட வேண்டும். ஏர்கான் தண்ணீர் சொட்டும் வாளி, பூந்தொட்டித் தட்டு எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கு உள்ள ஊர்.

7. காற்றைப் பற்றியும் விசாரியுங்கள். கிழக்கே பாசிர் கூடாங் தொழிற்பேட்டை. 2019 மார்ச்சில் அங்கே கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டியதில் பிள்ளைகள் வகுப்பிலேயே மூச்சுத் திணறி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகளை மூடினார்கள். இதைக் கேட்டு ஊரையே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளியில் அவசர நேரத்தில் பிள்ளைகளை எங்கே கூட்டுவார்கள், பெற்றோருக்கு எப்படித் தகவல் போகும் என்று ஆசிரியராகவும் பெற்றோராகவும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. புகைமூட்டக் காலத்தில் சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை வெளியே விடுங்கள்.

8. வயதுக் கணக்கு. மலேசிய அரசுப் பள்ளிகளில் முதலாம் வகுப்புக்கு வழக்கமான வயது 7. நம் ஊரில் அந்த வயதில் இரண்டாம் வகுப்பில் இருப்பார்கள். பிரிட்டிஷ் முறைப் பன்னாட்டுப் பள்ளியில் 5 வயதிலேயே முதலாம் ஆண்டு. ஊருக்குத் திரும்பும் வருடம் எது என்று தோராயமாக வைத்துக்கொண்டு பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

9. வகுப்புக்குப் போகுமுன் பிள்ளைகள் வந்த வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். 2003 முதல் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடந்தன, பிறகு அது கைவிடப்பட்டது. 2016 முதல் சில பள்ளிகளில் இருமொழித் திட்டமாகத் திரும்ப வந்தது. இப்போதைய ஆங்கிலப் பாடத்திட்டம் ஐரோப்பியப் பொது மொழித் தரவரிசையை ஒட்டியது. உங்கள் முன் இருக்கும் பிள்ளை வீட்டில் சீனமோ மலாயோ தமிழோ பேசி, இரண்டாவது அல்லது மூன்றாவது மொழியாக ஆங்கிலத்துக்கு வருகிறது. அதன் பேச்சைத் திருத்துவதற்கு முன், அது சொல்ல வந்ததை முழுசாகக் கேளுங்கள்.

10. ஒரு காலண்டர் வருடத்தில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக வெளிநாட்டவர் கணக்கில் 30 சதவீத வரி. வருடக் கடைசியில் சேர்பவர்கள், அடுத்த வருடத் தங்கலோடு இணைத்து உள்நாட்டவராகக் கணக்கிட வழி உண்டா என்று வரி அலுவலகத்தில் கேளுங்கள். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டு ஊழியருக்கும் சேமநிதி உண்டு: உங்கள் பங்கு 2 சதவீதம், முதலாளி பங்கு 2 சதவீதம்.

11. வீட்டில் தமிழே பேசுங்கள். நாள் முழுக்க ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாய் வீட்டிலும் அதையே பேசும். தஸ்காவில் மலாய் வரும். இரண்டு வருடத்தில் பாட்டியோடு வீடியோ காலில் பிள்ளை வெறுமனே சிரிக்கும். இங்கே தமிழுக்குப் பஞ்சமில்லை. ஜொகூர் பாருவில் கண்ணாடிக் கோயிலான ராஜகாளியம்மன் கோயில் இருக்கிறது, ஜாலான் உங்கு புவானில் பூக்கடையும் மளிகையும் இருக்கின்றன, மாசாயில் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா காலையில் "பசியாறியாச்சா?" என்று கேட்டால் பிள்ளையையே பதில் சொல்ல விடுங்கள்.