டர்போ வண்டிக்கு எத்தனை மில்லிசெகண்ட் பெட்ரோல்?

வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி என்றால் பரீட்சையில் வரும் ரெண்டு மார்க் கேள்வி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். டர்போ வண்டியில் பிஸ்டன் உருகுமா, தப்புமா என்பதே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 2002 டி.ஐ.ஐ. காரை எடுத்துக்கொள்வோம். 1971-ல் வந்தது. 1990 சி.சி., நாலு சிலிண்டர். அதன் குகல்ஃபிஷர் பம்பில் கூம்பு வடிவ கேம் ஒன்று ஆர்.பி.எம்.மையும் த்ராட்டிலையும் பார்த்துப் பெட்ரோலை அளந்து விடும். (1973-ல் கம்பெனியே டர்போ மாடல் விட்டது, மொத்தம் 1672 வண்டிதான்.) நாம் பிறகு டர்போ மாட்டினால் அந்தக் கேமுக்கு பூஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால்தான் புரோகிராம் செய்யும் இ.சி.யு.வுக்கு மாறுகிறார்கள். அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ இருவரும் 2001-ல் கொண்டுவந்த மெகாஸ்குவிர்ட் அந்த வகை. கிட்டாக வாங்கி, தானே சால்டர் பண்ணி ஓட்டியவர்கள் ஏராளம்.

இப்போது கணக்கு. பூஸ்ட் 0.5 பார் என்றால் மேனிஃபோல்டில் சுமார் 150 கிலோபாஸ்கல். கேஜ் பிரஷரை அப்படியே போட்டால் எல்லாம் போச்சு. அப்சல்யூட் பிரஷர்தான் வேண்டும். காற்று 40 டிகிரி, அதாவது 313 கெல்வின். 150000-ஐ 287 × 313-ஆல் வகுத்தால் அடர்த்தி 1.67 கிலோ. ஒரு சிலிண்டர் 497.5 சி.சி.; எஃபிஷியன்சி 85 சதவீதம் என்றால் உள்ளே போகும் காற்று 0.706 கிராம். 12-க்கு 1 கலவைக்கு 59 மில்லிகிராம் பெட்ரோல்.

நிமிடத்துக்கு 440 சி.சி. விடும் இன்ஜெக்டர், மில்லிசெகண்டுக்கு 5.4 மில்லிகிராம் தரும். ஆக சுமார் 11 மில்லிசெகண்ட். திறக்கும் தாமதம் 1 சேர்த்து 12. 6000 ஆர்.பி.எம்.மில் ஒரு சைக்கிளே 20 மில்லிசெகண்ட்தான். 60 சதவீதம், தாராளம். அதே இடத்தில் 250 சி.சி. இன்ஜெக்டர் போட்டுப் பாருங்கள்: 20-ஐத் தாண்டும்! மூடவே நேரமில்லாமல் திறந்தே கிடக்கும். பூஸ்ட் இன்னும் ஏறினால் பெட்ரோல் ஏறாது, கலவை லீன் ஆகும், நாக்கிங் வரும்.

எங்கள் வீட்டில் டிப்ளமோவுக்கு வந்த முதல் ஆள் நான். அப்பா லாரி டிரைவர். சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவார். டர்போவில் அந்தக் காது மட்டும் போதாது, நாக்கிங் கேட்பதற்குள் பிஸ்டன் போயிருக்கலாம். வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் அவசியம். சாதாரண சென்சார் 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும்.

திருத்துவது சுலபம். டேபிளில் 80 இருக்கிறது, நமக்கு வேண்டியது 12, மீட்டர் 13.2 காட்டுகிறது என்றால் 80 × 13.2 ÷ 12 = 88. முதலில் ஐடில், பிறகு மெதுவான ஓட்டம், கடைசியில்தான் பூஸ்ட், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பூஸ்ட் கட்டங்களில் ஆரம்பத்திலேயே பெட்ரோலைக் கூடுதலாக வைத்து, இக்னிஷனையும் பின்தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ரெண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் லேப்டாப் பார்க்க. பூஸ்டில் மீட்டர் 12.5-ஐத் தாண்டிய உடனே "காலை எடுடா!" என்று கத்துவதுதான் ரெண்டாவது ஆளின் வேலை.