கற்பலகைக் கல்

அரிச்சுவடி பயின்ற நாளில் நம் கையிலிருந்த கற்பலகை எவ்வகைக் கல் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? விழுந்தால் உடையும், உடைந்தால் வீட்டில் அடி விழும் என்பவையே அன்று நாம் அறிந்த அதன் குணங்கள்.

அஃது ஆதியில் சேறு. நீரடியிற் படிந்த நுண்ணிய களிமண் மேற்சுமையால் இறுகிக் கல்லாயிற்று. பின்னர் மலைகள் எழுங்காலத்துப் பக்கங்களினின்று நெருக்குண்டு, ஏறத்தாழ 200 முதல் 300 பாகை சென்டிகிரேடு வெப்பமும் பெற்றபோது, களிமண்ணின் கூறுகள் மிக நுண்ணிய அப்பிரகத் தகடுகளாகி, நெருக்கிய திசைக்குக் குறுக்கே ஒருமுகமாய் அமைந்தன. அத்தகடுகளின் வழியே கல் பிளக்கிறது. சேறு படிந்த அடுக்குகளின் வழியே பிளப்பதாக எண்ணுதல் பிழை. அடுக்கு வேறு, பிளவு வேறு என்று 1835இல் செட்ஜ்விக் காட்டினார். நெருக்கமே பிளவுக்குக் காரணம் என்று 1853இல் சார்பி விளக்கினார். ஆம்பூர் மாணவர்க்கு ஓர் ஒப்புமை கூறலாம்: தோலை இரண்டாகப் பிளக்க இயந்திரமும் கூரிய கத்தியும் வேண்டும், இக்கல்லுக்கோ உளியின்மேல் ஒரு தட்டுப் போதும்.

நீர் எளிதில் ஊறாமையால் மேல்நாட்டார் இதனைக் கூரைக்கு வேய்ந்தனர். மின்சாரம் பாயாமையால் பழைய விசைப்பலகைகளுக்கும் இது பயன்பட்டது.

நம் குன்றுகளில் இது கிடைக்காததேன்? ஜவ்வாது மலையில் மிகுந்துள்ள சார்னக்கைட்டும் உருமாறிய பாறையே. ஆனால் 700 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் கண்டது. அவ்வெப்பத்தில் கற்பலகை தன் நிலையில் நில்லாது. ஆகவே, நமக்கு அண்மையில் பேர்பெற்ற கற்பலகைச் சுரங்கங்கள் ஆந்திர நாட்டு மார்க்காபுரத்தில் உள்ளன. அப்பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. (நம் வீடுகளில் தளமிடும் கடப்பைக் கல்லைச் சிலர் இதுவென்றே மயங்குவர். அது சுண்ணாம்புக் கல். இரசாயனசாலையில் ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நுரைக்கும்; கற்பலகையோ வாளாவிருக்கும்.)

களிமண்ணுடன் குவார்ட்ஸ் என்னும் படிகத்தின் நுண்துகளும் இத்தகைய கல்லில் உண்டு. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் பலப்பக் குச்சிகளுக்காகக் கல்லை விசைவாளால் உலர அறுத்த தொழிலாளர் அத்தூசியைச் சுவாசித்தனர். நுரையீரல் இறுகி, அவருட் பலர் இளவயதிலேயே மாண்டனர். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர் ஆராய்ந்து இதனை எழுதிய பின்னரே, வாளருகே தூசியை உறிஞ்சும் கருவிகள் வைக்கப்பட்டன.