பிரிப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஸ்டேட் கொட்டகையிலிருந்து நீ ஓர் ஆல்டர்னேட்டரோடு சேர்த்து ஏற்றி வந்திருப்பது லிஸ்டர் சி.எஸ். வகை ஒற்றை சிலிண்டர் என்ஜின். 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற சிறு நகரில் 1930-ஐ ஒட்டி உருவான வடிவம். ப்ளோ லாம்ப் வைத்துத் தலையைச் சூடாக்காமல், குளிர்ந்த நிலையிலேயே ஹேண்டில் சுற்றிக் கிளப்பலாம் என்பதே அன்று அதன் பெருமை. கரன்ட் வருவதற்கு முன் நம் கிணற்று மேடுகளில் தண்ணீர் இறைத்த ஆயில் என்ஜின்களிலும் இந்த வடிவம் உண்டு. ராஜ்கோட் பட்டறைகள் இதை அச்சாக வார்த்து வெகுகாலம் விற்றன. உன்னுடையது டர்ஸ்லியா ராஜ்கோட்டா என்பதைப் பெயர்ப்பலகையை மட்டும் நம்பி முடிவு செய்யாதே, பலகை மாறியிருக்கலாம். ராஜ்கோட் வார்ப்பு என்றால் கிராங்க் கேஸின் உள்மூலைகளை விரலால் தடவிப் பார். வார்ப்பு மணல் ஒட்டியிருந்தால் கடைசித் துகள்வரை சுரண்டி எடுக்க வேண்டும். இந்த என்ஜினில் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் கரண்டிதான் எண்ணெயை அடித்துத் தெறிக்க வைக்கிறது. மணல் இருந்தால் அதையும் சேர்த்துத் தெறிக்கும்.

அடுத்த ஞாயிறு முழுக்கப் பிரித்து, டீசலில் கழுவி, பெயிண்ட் அடித்துவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். அது எப்போது, எதனால் நின்றது என்று சொல்ல இன்று ஆள் இல்லை. தடயம் இருப்பது அந்த அழுக்கிலும், இப்போது நிற்கும் நிலையிலும்தான். இரண்டையும் ஒரே மதியத்தில் அழித்துவிட்டால் பிறகு ஊகம்தான் மிஞ்சும். ஊகத்தில் மாற்றுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் நீதான் காசு கொடுக்க வேண்டும்.

ஃப்ளைவீலைத் தொடுவதற்கு முன்னால் ராக்கர் மூடியைக் கழற்றி, எந்த வால்வு அமுங்கியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள். உன் படத்தில் புகைக்குழாய் மேல்நோக்கி நிற்கிறது, தலையில் மூடி இல்லை. சாதாரணமாக என்ஜின் கம்ப்ரஷனில் முட்டி நிற்கும், இரண்டு வால்வும் மூடியிருக்கும். ஆனால் இந்த வகையில் டீகம்ப்ரஷன் லீவர் எக்ஸாஸ்ட் வால்வைத்தான் திறந்து பிடிக்கிறது. கடைசியாக ஓட்டியவர் லீவரைத் தூக்கியபடியே விட்டுப் போயிருந்தால், அதன்பின் பெய்த மழையெல்லாம் குழாய் வழியே பிஸ்டன் தலையில் இறங்கியிருக்கும். அப்படியென்றால் லைனரில் ஒரு துரு வளையம் இருக்கும், ரிங் பிடித்திருக்கும். ஃப்ளைவீல் அசைய மறுத்தால் அதற்கான காரணத்தை ஹெட்டைத் திறக்காமலே அறிந்துகொள்வாய்.

சம்ப் பிளக்கையும் ஒரேயடியாகக் கழற்றாமல் அரைச்சுற்று தளர்த்து. எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் கிடக்கும்; முதலில் வருவது எது என்று பார். தண்ணீர் வந்தால், மழையா வாட்டர் ஜாக்கெட் கசிவா என்பது அடுத்த கேள்வி. பிளக்கை மூடிவிட்டு ஜாக்கெட்டில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டால் பதில் தெரிந்துவிடும்.

பிஸ்டன் பிடித்திருந்தால் இன்ஜெக்டரை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியே மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி வை. தினமும் கொஞ்சம் சேர்த்து, ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டு. ஆரங்களுக்கிடையே கடப்பாரை கொடுத்து நெம்பும் ஆட்களைப் பட்டறைக்குள் விடாதே. வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். கீ உட்காரும் இடத்தைச் சுற்றியும் ஆரம் ஹப்பில் சேரும் மூலையிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று சுத்தமாகத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 23 அங்குல ஃப்ளைவீலின் விளிம்பு 650 சுற்றில் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வேகம் இரட்டித்தால் அதைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். கூடுதல் கரன்ட் கிடைக்கும் என்று யாராவது கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கச் சொன்னால் கேட்காதே.

இனி, கிளம்ப மறுக்கும் என்ஜினைப் பற்றி. எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கேட்கும் வார்த்தை "பம்ப் போயிடுச்சு" என்பதுதான். பம்பைக் கழற்றி அனுப்புவதற்கு முன் நீயே விசாரித்துவிடலாம். லீவரைத் தூக்கி வைத்து, ஒருவர் ஹேண்டிலைச் சுற்றட்டும். நீ இன்ஜெக்டர் பக்கம் காதைக் கொடு. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 'கிர்க்' என்று சின்னதாக ஒரு சத்தம் வர வேண்டும். சத்தமும் இல்லை, குழாயில் புகையும் இல்லை என்றால் டீசல் வரவில்லை: டேங்க் குழாய், ஃபில்டர், பைப்பில் காற்று. ஏர் எடுக்கும்போது குமிழி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓட விடு, ஒரு சின்னக் குமிழி போதும் பம்பை ஏமாற்ற. சத்தம் கேட்கிறது, வெள்ளைப் புகையும் வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால், டீசல் உள்ளே போகிறது, அதை எரிக்கும் சூடுதான் இல்லை. பம்பைத் திட்டிப் பயனில்லை, கம்ப்ரஷனைப் பார்.

லீவரை விட்டுவிட்டு ஃப்ளைவீலைக் கையால் மெல்லத் தள்ளினால் ஓர் இடத்தில் எதிர்த்து நிற்கும், விட்டால் திருப்பித் தள்ளும். தள்ளாமல் 'உஸ்' என்று இறங்கிப்போனால் அந்தச் சத்தம் எங்கே கேட்கிறது என்பதே பதில். காற்று இழுக்கும் வாயில் கேட்டால் இன்லெட் வால்வு. புகைக்குழாயில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கிராங்க் கேஸ் பிரீதரில் என்றால் ரிங். உன் என்ஜினின் ஹெட்டில் பக்கவாட்டில் ஒரு சிறு கைச்சக்கரம் தெரிகிறதே, அதையும் மறக்காதே. அதை முழுக்க உள்ளே திருகினால் எரியறையின் ஒரு பகுதி அடைபட்டு கம்ப்ரஷன் கூடும். கிளப்பும்போது அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் சீட்டில் கரி படிந்திருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் காலையில் கிளம்பாது. நல்ல வால்வுகளைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சக்கரத்தைப் பார்க்காதவர்கள்.

டைமிங் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அதே 23 அங்குல ஃப்ளைவீலின் விளிம்பில் 1 டிகிரி என்பது சுமார் 5 மி.மீ. மேக்கர் புத்தகம் சொல்லும் டிகிரியை டேப்பால் அளந்து சாக்பீஸில் கோடு போடு. பம்பிலிருந்து டீசல் எழும்பத் தொடங்கும் கணம் அந்தக் கோட்டில் விழ வேண்டும். விழவில்லை என்றால் பம்பின் டாப்பெட் ஸ்குருவில் திருத்தலாம். நாசிலை வெளியே எடுத்து ஸ்பிரே பார்க்கும்போது மட்டும் அதன் முன் கையை நீட்டாதே. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், ரத்தம்கூட வராது. ஆனால் உள்ளே திசு அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் அன்றைக்கே, அந்த மணிநேரமே ஆஸ்பத்திரி.

கிளப்புவதற்கு முன் நிறுத்துவதைக் கற்றுக்கொள். பம்ப் ரேக் விரல் தள்ளலுக்கே நகர்கிறதா? பல வருஷம் கிடந்த என்ஜினில் அது முழு டீசல் நிலையிலேயே இறுகியிருப்பது உண்டு. கிளம்பியதும் கவர்னருக்கு அடங்காமல் வேகம் ஏறும். காற்று வாயை மூட ஒரு தடிமனான பலகையைக் கைக்கெட்டும் தூரத்தில் வை. உள்ளங்கையால் மூடலாம் என்று நினைக்காதே. ஹேண்டில் மாட்டும் ஷாஃப்ட் முனையைத் துரு போகத் தேய்த்து எண்ணெய் இடு; பிடித்ததும் ஹேண்டில் தானாக நழுவி வர வேண்டும். வராத ஹேண்டில் ஃப்ளைவீலோடு சுற்றும், பிறகு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடி.

ஆல்டர்னேட்டரை என்ஜினோடு சேர்த்துச் சோதிக்காதே, அது தனி வழக்கு. மழைக்காலங்கள் கண்ட வைண்டிங்கை நேராகச் சுற்றி வோல்ட் பார்ப்பது அதைக் கொளுத்துவதற்குச் சமம். முதலில் 500 வோல்ட் மெக்கர் வைத்து இன்சுலேஷனைப் பார். அதற்கு முன் டயோடுகளையும் ஏ.வி.ஆர். இருந்தால் அதையும் கழற்றிவிடு, இல்லையென்றால் மெக்கரே அவற்றைக் கொன்றுவிடும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் குண்டு பல்புகளை உள்ளே எரியவிட்டு மெல்லிய சூட்டில் நாள்கணக்கில் உலர்த்து. எண் ஏற ஏற எழுதி வை. ஏறவே இல்லை என்றால்தான் ரீவைண்டிங்.

உலர்ந்த பின் சுற்றும்போது வோல்ட் மீட்டர் சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால், கார்பன் பிரஷ் ஸ்லிப் ரிங்கைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு, எஞ்சிய காந்தம் போய்விட்டது என்று கொள்ளலாம். ஃபீல்டைப் பிரித்துவிட்டு, பாசிட்டிவ் நெகட்டிவ் மாறாமல் 12 வோல்ட் பேட்டரியைச் சில நொடி தொட்டு எடுத்தால் திரும்பும். நாலைந்து வோல்ட் மட்டும் காட்டி நின்றால் காந்தம் இருக்கிறது, அதை வளர்க்கும் ஃபீல்டு பாதையில்தான் எங்கோ துண்டிப்பு. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல வைண்டிங்குகள் பழைய செம்பாக எடைக்குப் போயிருக்கின்றன. எனக்கு அது இன்றும் வயிற்றெரிச்சல்.

நான்கு போல் ஆல்டர்னேட்டர் 50 ஹெர்ட்ஸ் தர 1500 சுற்று வேண்டும். 650-லிருந்து அதை எட்ட 23 அங்குலத்துக்கு 10 அங்குல புல்லி சரியாக வரும். லோடு இல்லாதபோது 52 அளவில் வைத்தால் லோடு ஏறும்போது 50-க்கு இறங்கி நிற்கும். பல்பு லேசாகத் துடிக்கும், அதைப் பழுது என்று எண்ணாதே. நிமிடத்துக்கு 325 வெடிப்பு, நொடிக்கு ஐந்துக்கு மேல். ஒற்றை சிலிண்டரின் நாடி கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். ஆல்டர்னேட்டரில் 5 கே.வி.ஏ. என்று எழுதியிருந்தாலும், பெல்ட்டிலும் வைண்டிங்கிலும் போவது போக இந்த 6 குதிரையிடம் நீ நிம்மதியாகக் கேட்கக்கூடியது 3 கிலோவாட். புது ரிங் போட்டிருந்தால் வெறுமனே ஓட்டிக்கொண்டிருக்காதே, லைனர் வழவழப்பாகி எண்ணெய் குடிக்கும். ஹீட்டரையாவது மாட்டி வேலை கொடு.

பெயிண்ட் பற்றிக் கேட்டிருந்தாய். அசல் பச்சை இன்னும் ஒட்டியிருக்கும் இடங்களை விட்டுவிடு. எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். புகைக்குழாயில் சுற்றியிருக்கும் பழைய வெள்ளைக் கயிற்றை மட்டும் உலர்ந்தபடி பிய்க்காதே, அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். நனைத்து, அந்த வேலை தெரிந்தவரைக் கொண்டு எடு.

வீட்டு லைனில் கொடுத்துப் பார்க்க ஆசையாக இருக்கும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்தாமல் கொடுக்காதே. கரன்ட் போன நேரத்தில் உன் 230 வோல்ட் பின்வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனால் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். லைன் செத்துவிட்டது என்று நம்பித்தான் லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த சுவிட்சும் நல்ல எர்த் குழியும் தயாராகும்வரை ஹீட்டரையும் பல்பையும் தனி போர்டில் எரிய விடு. மெக்கர் காட்டும் எண்ணையும், எந்த வால்வு திறந்திருந்தது என்பதையும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்