சார்ஜர் தானாக நின்றால் அது நமக்கொரு எச்சரிக்கை

ஃபியூஸ் கட்டையில் கம்பி உருகினால் வீட்டில் எங்கோ கோளாறு என்று நமக்குத் தெரியும். செல்போன் சார்ஜருக்குள்ளும் அப்படி ஒரு பாதுகாப்பு உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத அளவில் சிப்புக்குள் இருக்கிறது. ஃபியூஸைப் போல உருகாமல், ஆறியபின் மீண்டும் இயங்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. முதலாவது, மின்னோட்டக் கட்டுப்பாடு. வயர் நசுங்கி ஷார்ட் ஆனால் மின்னோட்டம் எகிறும். அதை அளந்துகொண்டே இருக்கும் சிப், எல்லை தாண்டியதும் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும்.

இரண்டாவது, வெப்பப் பாதுகாப்பு. ரேடியோ மெக்கானிக்குகள் அறிந்த 7805 சிப்பை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் வாங்கி 5 வோல்ட் தருகிறது. ஓட்டம் 1 ஆம்பியர். மீதமுள்ள 7 வோல்ட், 7 வாட் சூடாக மாறுகிறது. ஓட்டம் அளவோடுதான் இருக்கிறது, ஆனாலும் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு இல்லையென்றால் சிப் கொதிக்கும். உள்ளே சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது தானே நின்றுவிடும். 1970 வாக்கில் அமெரிக்காவில் பாப் விட்லர் வடிவமைத்த எல்.எம்.109 சிப்பிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சிப் முதலில் காப்பது தன்னைத்தான். தளர்ந்த பிளக் பாயின்ட்டையோ, உப்பிய பேட்டரியையோ, பிளக்கைப் பிடுங்கும்போது தெறிக்கும் பொறியையோ அது தடுக்காது. ஆனைக்குட்டம் சுற்றுவட்டாரத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் நமக்கு ஒரு பொறி என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. சார்ஜர் விட்டுவிட்டு வேலை செய்தால், தொட முடியாதபடி சுட்டால், உடனே மாற்றுவோம்.

2. தலையணைக்கு அடியிலும் வெயில் படும் ஜன்னலிலும் வைத்து சார்ஜ் போட வேண்டாம்.

3. மருந்து உள்ள இடத்துக்கு போனும் சார்ஜரும் வேண்டாம். மருந்துத் தூள் படிந்த வேலை உடையை பிளக் பாயின்ட் அருகே தொங்கவிட வேண்டாம்.

4. மலிவான சார்ஜரில் இந்தப் பாதுகாப்பு இல்லாமலும் இருக்கலாம். 'ஆர்' எழுத்தோடு வரும் பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ளதா என்று பார்த்து வாங்குவோம். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம்.

5. அடிக்கடி போகிறதே என்று ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்ற வேண்டாம். அது எச்சரிக்கையின் வாயை அடைப்பது. கோளாறு உள்ளேயே இருக்கும்.

இன்றிரவு ஒருமுறை வீட்டிலுள்ள சார்ஜர்களைத் தொட்டுப் பார்ப்போம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம்.