கோப்புக்கும் ஒரு தனிச்சிறை

கொள்ளைநோய்க் காலத்தில் வெனிஸ் துறைமுகத்திற்கு வந்த கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்தினர். 'நாற்பது' என்பதற்குரிய இத்தாலியச் சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' பிறந்தது. அக்கப்பல்களில் நோய் உண்டென்று தெரிந்தா நிறுத்தினர்? இல்லை, ஐயமே காரணம். நம் கணினியிலுள்ள ஆண்டிவைரஸ் செய்வதும் இதுவே.

ஐயத்திற்குரிய கோப்பை அது இருந்த இடத்திலிருந்து எடுத்து, உள்ளடக்கத்தைக் குறியாக்கம் செய்து, தனக்குரிய மறைவிடத்தில் பூட்டி வைக்கிறது. இனி அக்கோப்பு இயங்காது. ஆயினும் அதன் பழைய பெயரும் இடமும் குறித்து வைக்கப்படும். குற்றமற்றது என்று தெரிந்தால் திரும்ப அழைக்க வேண்டுமன்றோ?

உடனே அழித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். காவலனும் பிழை செய்வான். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காபி வெளியிட்ட புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பிக்கு இன்றியமையாத 'எஸ்விசிஹோஸ்ட்' என்னும் கோப்பையே வைரஸ் என்று கொண்டது. பல கணினிகள் வலைத்தொடர்பை இழந்து, மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தன. அவ்வளவு பெரிய கதை வேண்டா. சென்ற பருவத்தில் நான் எழுதிய கணக்கீட்டு நிரல் ஒன்று, பிறந்த அன்றே சிறை புகுந்தது. யாரும் முன்பு கண்டிராத புதுமுகம் என்பது தவிர அது வேறு குற்றம் செய்யவில்லை!

நல்ல கோப்பில் வைரஸ் ஒட்டிக்கொள்வதும் உண்டு. நச்சுப் பகுதியை அறுத்தெடுக்கையில் கோப்பே சிதையலாம். ஆதலின் சில மென்பொருள்கள் அறுவைக்கு முன் ஒரு படி எடுத்து வைக்கின்றன.

இந்தப் படியை நம்பித்தான் விடுதி நண்பர் சிலர், "எனக்குக் காப்புப் படி இருக்கிறது" என்கின்றனர். அது ஐயத்திற்குரிய கோப்பின் படியேயன்றி அவர்தம் ஆய்வேட்டின் படி அன்று. இருப்பதும் அதே வட்டில்; வட்டு பழுதானால் இரண்டும் போயின. குறித்த நாள் கடந்தால் தானே அழிவதும் உண்டு.

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, கோப்புகளைக் குறியாக்கம் செய்துவிட்டுப் பணம் கேட்டது. அத்தகைய நிரலைப் பின்னர்ச் சிறையிட்டாலும், அது பூட்டிய கோப்புகள் திறவா. அவ்வேளையில் செருகியிருந்த பென் டிரைவும் தப்பாது.

எனவே, ஆய்வேடு எழுதும் அன்பர்களே, வெளிவட்டில் வேறொரு படி எடுங்கள், எடுத்தவுடன் கழற்றிவிடுங்கள். விடுமுறைக்கு இரயிலேறும் நாளில் மடிக்கணினியையும் வெளிவட்டையும் ஒரே பையில் வைக்க வேண்டா.