கைநாட்டும் கைத்தொலைபேசியும்
இலத்திரனியல் கையொப்பம் பற்றி ஒரு பாடம்

மலையக மக்களாகிய நமக்குக் கையொப்பத்தின் பெறுமதியை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948 இல் பிரசாவுரிமை பறிபோனது. அதன் பின்னர் 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் நம் முன்னோர் விண்ணப்பப் படிவங்களில் கைநாட்டு வைத்தனர். அத்தாட்சி போதாது என்று பெருந்தொகையான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது மீண்டும் படிவம், மீண்டும் கைநாட்டு. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை பலர் நாடற்றவராகவே இருந்தனர். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் விரலை வைத்தவர்கள் நம்மிடையே ஏராளம்.

இன்று அந்தப் படிவம் கடதாசியிலிருந்து கைத்தொலைபேசிக்கு மாறிவிட்டது. மண்சரிவினால் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து வேறிடத்தில் குடியிருக்கும் குடும்பத்திடம் கடன் தருபவர் வருகிறார். சிறு திரையை நீட்டி, "விரலால் இதில் கீறுங்கள்" என்கிறார். அல்லது, "உங்கள் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கள்" என்கிறார். இது வெறும் நம்பரா, அல்லது கையொப்பமா? இந்தப் பாடத்தில் இதையே ஆராய்வோம்.

1. சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் இதற்கென உள்ள சட்டம் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம். இது 2007 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2017 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. ஐக்கிய நாடுகளின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணைக்குழு 1996 இலும் 2001 இலும் வெளியிட்ட மாதிரிச் சட்டங்களின் வழியில் இது அமைந்தது.

இதன் அடிப்படை எளிதானது. ஓர் ஆவணம் கணினியிலோ தொலைபேசியிலோ உள்ளது என்ற ஒரே காரணத்திற்காக அது செல்லாது என்று யாரும் சொல்ல முடியாது. கையொப்பத்தைப் பொறுத்தவரை சட்டம் மூன்று விடயங்களைப் பார்க்கிறது. ஒப்பமிட்டவர் யார் என்று காட்ட வேண்டும். அந்த ஆவணத்திற்கு அவருடைய விருப்பம் அல்லது சம்மதம் இருந்தது என்று காட்ட வேண்டும். பயன்படுத்திய முறை அந்தக் காரியத்திற்குத் தக்க நம்பகமானதாக இருக்க வேண்டும்.

இன்ன கருவிதான் வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தவில்லை. ஆகவே திரையில் விரலால் கீறிய கோடும், சொல்லிக்கொடுத்த ஆறு இலக்கமும், "சம்மதம்" என்ற இடத்தில் அழுத்திய அழுத்தமும் உங்களைக் கட்டுப்படுத்தக்கூடும். "நான் பேனை பிடிக்கவில்லையே" என்பது தற்காப்பு ஆகாது.

இதில் நமக்கு நன்மையும் உண்டு. இலத்திரனியல் செய்தியை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டலாம். லீக்ஸ் கிலோவுக்கு இவ்வளவு தருவேன் என்று வியாபாரி குறுஞ்செய்தியில் எழுதிவிட்டு, மரக்கறி தம்புள்ளைக்குப் போனபின் விலையைக் குறைத்தால், அந்தச் செய்தி உங்கள் பக்கச் சாட்சி. அதை அழித்துவிடாதீர்கள்.

2. எவற்றிற்கு இது செல்லாது?

சட்டமே சில ஆவணங்களை விலக்கி வைத்திருக்கிறது. அவற்றுள் நமக்கு முக்கியமானவை மூன்று:

அ) மரணசாசனம்.
ஆ) அற்றோணித் தத்துவம், அதாவது நமக்காகக் காரியம் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்.
இ) காணி, வீடு போன்ற அசையாச் சொத்தை விற்பதற்கும் கைமாற்றுவதற்குமான ஒப்பந்தங்கள்.

காணி விடயத்தில் இன்றும் ஆட்சி செய்வது, இந்த மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவிய காலத்தில் இயற்றப்பட்ட 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம். காணி விற்பனை உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில், ஒரே நேரத்தில் கூடியிருக்கும் குறைந்தது இரண்டு சாட்சிகள் காண ஒப்பமிட வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்க வேண்டியதும் நொத்தாரிசின் கடமை.

எனவே, "போனில் ஓகே சொன்னால் காணி உங்கள் பெயருக்கு வந்துவிடும்" என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகள், தன் காணியை விற்கத் தாய்க்கு அதிகாரம் கொடுப்பதாக வட்ஸ்அப்பில் எழுதினாலும் அது போதாது. அவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தை நாடி முறைப்படி ஒப்பமிட வேண்டும்.

3. பலமான கையொப்பம் எது?

விரலால் திரையில் கீறியது வெறும் படம். படத்தைப் பிரதி எடுத்து இன்னொரு பத்திரத்தில் ஒட்டலாம். இதைத் தடுக்கவே டிஜிட்டல் கையொப்பம் என்ற முறை உண்டு. இதற்கு ஒரு சோடிச் சாவிகள் தேவை. ஒன்று ஒப்பமிடுபவரிடம் இரகசியமாக இருக்கும். மற்றது எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சாவி. இரகசியச் சாவியால் இட்ட ஒப்பத்தை அதன் சோடியான பொதுச் சாவியால் மட்டுமே சரிபார்க்க முடியும்.

ஒப்பமிடும்போது கணினி முழுப் பத்திரத்தையும் ஒரு குறுகிய அடையாளமாகச் சுருக்குகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் அது 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட வரிசை. பத்திரத்தில் 5,000 என்பதை 50,000 என்று மாற்றினால் அந்த அடையாளம் முற்றாக வேறுபட்டுவிடும். மோசடி உடனே தெரியும்.

அந்தப் பொதுச் சாவி உண்மையில் இன்னாருடையதுதான் என்று உறுதிப்படுத்த நடுவர் ஒருவர் வேண்டும். அவர் தரும் பத்திரமே சான்றிதழ். அதன் அமைப்புக்கு 1988 இலிருந்தே சர்வதேச நியமம் உண்டு. இலங்கையில் வங்கிகளுக்கிடையிலான காசோலைத் தீர்வு நிறுவனமான லங்காகிளியர் (இன்று லங்காபே) 2009 இல் லங்காசைன் என்ற பெயரில் இத்தகைய சான்றிதழ்களை வழங்கத் தொடங்கியது.

வங்கிகள் தங்களுக்குள் இப்படி இரும்புப் பூட்டுப் போட்டுக்கொள்கின்றன. சிறு கடன் பெறும் நம்மிடம் பெரும்பாலும் வருவதோ ஆறு இலக்கமும் திரைக் கோடும்தான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

4. காவல் யார்?

பழைய சட்டம் எழுதப் படிக்கத் தெரியாதவரின் பக்கத்தில் மூவரை நிறுத்தியது: வாசித்துக் காட்ட ஒரு நொத்தாரிசு, பார்த்திருக்க இரு சாட்சிகள். கைத்தொலைபேசியில் அந்த மூவரும் இல்லை. கடன்காரரும் நீங்களும் மட்டுமே. ஆகவே அந்தக் காவலை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இடம்பெயர்ந்து, அயலவரும் பத்திரங்களும் சிதறிப்போன குடும்பங்களுக்கு இது இன்னும் அவசியம்.

* வாசித்துக் காட்டும்படி கேளுங்கள், தமிழில். தொகை, வட்டி, தவணை, பிணையாளி ஆகிய நான்கும் விளங்கிய பின்னரே விரலை வையுங்கள்.
* பாடசாலை செல்லும் பிள்ளையோ, சங்க உறுப்பினரோ ஒருவர் அருகில் இருக்கட்டும். அவரே உங்கள் சாட்சி.
* ஒப்பமிட்ட பத்திரத்தின் பிரதியை அன்றே கேட்டு வாங்குங்கள். பிரதி தர மறுப்பவரிடம் கடன் வாங்காதீர்கள்.
* வந்த இலக்கத்தை வேறு யாருக்கும் சொல்லாதீர்கள். அதைச் சொல்வது வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பதற்குச் சமம்.
* உங்கள் சிம் அட்டை உங்கள் பெயரில் இருக்கட்டும். இன்னொருவர் பெயரில் இருந்தால் உங்கள் கையொப்பமும் அவர் கையில்.
* இரகசிய இலக்கம் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் ரேகையை மாற்ற முடியாது. எதற்காக எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய உடலடையாளங்களை விசேட பாதுகாப்புக்குரியவையாகக் கருதுகிறது.

ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். சம்மதம் இருந்ததா என்பதே சட்டத்தின் கேள்வி என்பதால், உங்களுக்கு வாதாட இடமுண்டு. செய்திகளை அழிக்காமல், திகதியைக் குறித்துக்கொண்டு பொலிசில் முறையிடுங்கள். வசதியற்றவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இலவச ஆலோசனை தருகிறது.

கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் குடும்பத்தில் கடைசியாக யார், எந்தக் கருவியில் விரல் வைத்தார்? அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்று சொல்ல முடியுமா?
2. உங்கள் குடியிருப்பில் பத்திரங்களை வாசித்துக் காட்டக்கூடியவர்கள் யார்? அவர்கள் வாரத்தில் ஒரு நாள் ஓரிடத்தில் இருக்க ஒழுங்கு செய்யலாமா?
3. காணிக்கான எந்தப் பத்திரம் உங்கள் கையில் இருக்கிறது? எது காணாமற் போயிருக்கிறது? பிரதேச செயலகத்திலும் காணிப் பதிவகத்திலும் எவற்றின் பிரதியைப் பெறலாம்?