டைல் பதிக்குமுன் தரையைச் சீர்செய்தல்

கிடங்கிலோ தறிக்கூடத்திலோ டைல் பதிக்க விரும்பும் அங்கத்தினர்கள், டைலின் விலையை விசாரிக்குமுன் பழைய சிமெண்டுத் தரையை ஆராய்தல் வேண்டும். மூலைக்கு மூலை நூல் கட்டிப் பார்ப்போமாயின் மேடும் பள்ளமும் தெரிந்துவிடும். நூல் தொய்யலாகாது என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மேட்டை உளியால் கொத்தி எடுக்கலாம்; தட்டினால் வெற்றொலி எழுப்பும் பூச்சையும் பெயர்த்துவிட வேண்டும்.

பள்ளத்தில்தான் பலரும் தவறுகின்றனர். தூசியின் மேலேயே கலவையைக் கொட்டினால் அது தரையைப் பற்றாது; மூட்டை விழுந்த இடத்தில் டைல் வெடிக்கும். நாமும் ஒருமுறை அவ்வாறு செய்து இருமுறை கூலி கொடுத்தோம். பள்ளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, நனைத்து, சிமெண்டுப் பால் தடவி, அது உலருமுன் 1 பங்கு சிமெண்டும் 4 பங்கு மணலும் சேர்ந்த கலவையால் நிரப்புக. 7 நாள் ஈரம் காத்த பின்னரே டைல் பதிக்கலாம்.